ஈரத்தில் பிரியும்

மார்ச் 3, திங்கள்

சோதனைப் பெட்டியை இன்று திறந்தேன். நான்கு வாரம் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் அடைந்து கிடந்த ஐந்து துண்டுகள். அண்ணன் கழித்துப் போட்ட ஒரே புகைப்படப் பிரிண்டிலிருந்து வெட்டியவைதான் எல்லாம். பசை மட்டும் வேறு வேறு.

ரப்பர் பசை மஞ்சளித்தது ஒன்பதாம் நாளே மூடிக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இப்போது படத்தின் முகத்தில் தேமல் மாதிரி தெரிகிறது. பள்ளிக்கூடப் பசைக்குச்சி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுவைக் கைவிட்டிருக்கிறது. வெள்ளைப் பசை உடும்புப் பிடி; இழுத்தால் படத்தின் மேல்பூச்சையும் உரித்துக்கொண்டுதான் வருகிறது. கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசை சொன்ன பேச்சைக் கேட்கிறது, ஆனால் அதிலுள்ள தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிரிண்ட் ஓலையாய்ச் சுருள்கிறது. செல்லுலோஸ் பசைக்கு வலு குறைவு. ஆனாலும் ஈரத்தாளைக் கால் மணி நேரம் மேலே போட்டால் கறையில்லாமல், வடுவில்லாமல் விட்டுவிடுகிறது.

முடிவு: அண்ணனின் கண்காட்சிக்கு அறுபத்திரண்டு படங்கள். சின்னப் படங்களுக்குப் பசையே வேண்டாம், நான்கு மூலையிலும் காகித மடிப்பில் செருகிவிடலாம். பெரியவற்றுக்கு மட்டும் மெல்லிய நார்த்தாளில் கீல் மாதிரி செய்து ஸ்டார்ச். காகிதத் துண்டுகளை ஒட்டி நான் செய்கிற கொலாஜ்களுக்கு எப்போதும் போலச் செல்லுலோஸ்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "ஒட்டறப்பவே பிரிக்கறதைப் பத்தி யோசிக்கிற ஒரே ஆளு நீதான். உன் கல்யாணத்துக்கும் இதைத்தான் தடவினியா?"

சிரித்தேன். பதினாறு வருஷமாகக் கேட்கிற கிண்டல், கோபம் வருவதில்லை என்று எழுதப் போனேன். வந்தது.

மார்ச் 5

இருபது படம் முடிந்தது. முதுகு போயிற்று.

மார்ச் 7, வெள்ளி

கடிதம் வந்திருக்கிறது. மூன்று தடவை படித்தேன், நான்காவது தடவை குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். என் அறைக்குத் தாழ் கிடையாது; இருட்டறைக்குப் போகிற வழியில்தான் என் கட்டிலே கிடக்கிறது.

ரயிலில் ஒரு பகல் தூரத்தில் ஒரு கலைப் பட்டறை. மூன்று மாதம் அங்கேயே தங்கலாம். தனி அறை, தனி மேஜை. யாருக்கும் தெரியாமல் என் கொலாஜ்கள் நான்கைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். 'மாடிப்படி'யைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் பத்துக்குள் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு கடிதம். வீட்டுக்கு வருகிற தபாலெல்லாம் அண்ணன் பெயருக்குத்தான் வரும். அவன் புகைப்படக்காரன், நான் அவன் படங்களை அட்டையில் ஏற்றுகிறவள். இருபது வருஷமாக அதுதான் என் வேலை. நடுவில் ஒரு கல்யாணம், அந்த நாலு வருஷம் கணக்கில் சேராது. திரும்பி வந்தபோது இந்த அறையைக் கொடுத்தார்கள். நன்றி இல்லாமல் இல்லை. நன்றி மட்டுமே இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

இரண்டு வருஷம் முன்பு அண்ணனுக்குப் பக்கவாதம். வலது கை போனது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. காலையில் அண்ணி பார்த்துக்கொள்கிறாள், மாலையில் நான். இதில் மூன்று மாதம் என்று எப்படி வாயைத் திறப்பது?

கடிதத்தை ஸ்டார்ச் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். அதை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

கண்காட்சியை அமைக்கிற அம்மா வந்திருந்தார். அண்ணனின் பழைய தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார், ஒவ்வொன்றிலும் தபால்தலை அளவில் ஒரு பிலிம் சுருளின் முப்பத்தாறு குட்டிப் படங்கள். விரல் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் படகுத்துறைப் படம் எங்கே? இது இல்லாம என்ன கண்காட்சி?"

அண்ணி நெகட்டிவ் கதையைச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதத்தில் கூரை ஒழுகி, பெட்டி நனைந்து, உள்ளே இருந்ததெல்லாம் பூஞ்சைக்குப் போன கதை.

"ஒரே ஒரு பிரிண்ட்கூடவா போடல?"

அண்ணன் வாயைத் திறந்தான். "அவ... கிட்ட." இடது கையை நீட்டி என் அறையைக் காட்டினான்.

'மாடிப்படி'க்கு அடியில் இருப்பது அந்தப் பிரிண்ட்தான். நாலு வருஷம் முன்பு, கை நன்றாக இருந்த காலத்தில், கழித்துப் போட்டான். "கறுப்பு ஏறிப்போச்சு. நான் வேற போட்டுக்கறேன், நீ வெட்டிக்கோ." நான் வெட்டவில்லை. முழுசாக அட்டையில் ஒட்டி அதன் மேல் முப்பத்தொரு துண்டுகள் ஒட்டினேன்: இருட்டறைச் சோதனைக் கீற்றுகள், தபால் உறைகளின் உள்பக்கத்து நீலக் கோடுகள், தையல் அளவுத்தாள். தண்ணீரிலிருந்து ஒரு மாடிப்படி எழுந்து மேலே போகிறது. அண்ணன் படத்தில் இப்போது வெளியே தெரிவது கொஞ்சம் தண்ணீரும் ஒரு சாண் கயிறும்தான்.

அந்தம்மா குனிந்து பார்த்தார். "எதுல ஒட்டியிருக்கீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "இவ ஒட்டினா பயமே வேணாங்க. ஈரத்தைக் காட்டினா கழண்டு வந்துடும். இந்த வீட்ல எந்நேரமும் அந்தப் பாட்டுதான்."

"அப்பாடா" என்றார் அந்தம்மா. அண்ணன் தலையை ஆட்டினான். பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 12

கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும்? யாருமே கேட்கவில்லையே!

மார்ச் 14, வெள்ளி

எச்சரிக்கையாக ஒரு வழி சொல்லிப் பார்த்தேன். "பிரிச்சு ஒரு நகல் எடுத்துக்கலாம். அப்புறம் நான் மறுபடி ஒட்டிக்கறேன்."

அந்தம்மா போனிலேயே மறுத்துவிட்டார். கண்காட்சி முடிந்ததும் படங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. அண்ணன் கையால் போட்ட பிரிண்ட் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்களாம். அண்ணனும், "நகல்... வேணாம்" என்றான். வலது கை யாரோ விட்டுவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. அந்தக் கை இனிமேல் ஒரு பிரிண்ட்கூடப் போடப்போவதில்லை. எனக்குத் தெரியாதா? தினமும் மாலையில் அதைக் கழுவித் துடைக்கிறவள் நான்.

அண்ணி சமாதானம் சொன்னாள். "கத்திரி இருக்கு, காகிதம் இருக்கு. உனக்கென்ன, இன்னொண்ணு பண்ணிக்க மாட்டியா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 17

இன்னொண்ணு பண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு துண்டு வைத்து, பன்னிரண்டையும் எடுத்துவிட்டேன். வேறு படைப்போடோ, 'மாடிப்படி'யையே ஒரு நகல் மேல் ஒட்டியோ வரலாமா என்று பட்டறைக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. முடியாதாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மார்ச் 19, புதன்

துணி மடிக்கும்போது பேச்சை எடுத்தேன். "அண்ணி, ஒரு மூணு மாசம் எங்கேயாவது போயிட்டு வந்தா என்னன்னு..."

அவள் சிரித்தே விட்டாள். "எனக்கும்தான் தோணுது. யாரு விடறா? அந்தத் துண்டை இப்படிப் போடு."

அவளும் பொய் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயசு, ஒரு நாள் தனியாக எங்கும் போனதில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையை மடித்தோம். டப்பாவைத் திறந்து கடிதத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால் மட்டும்? அண்ணனுக்கு யார் என்பாள்.

மார்ச் 21

புதன்கிழமை ஒரு நிபுணர் வருகிறார், பழைய படங்களைச் சீர்செய்கிறவர். அந்தம்மா போனில், "அவர் வர்றது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். நீங்களே பிரிச்சாலும் எனக்குச் சரிதான், உங்க கைமேல அவ்வளவு நம்பிக்கை" என்றார்.

நல்ல பேர் எடுத்ததுதான் நான் செய்த தப்பு. எல்லோரையும் போல கைக்குக் கிடைத்த பசையை அப்பி ஒட்டியிருந்தால், இன்று கையை விரித்திருக்கலாம். ஐயோ, இது பிரிந்து வராதே என்று. பாவம், இவளுக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பார்கள். பிரிக்க முடியும் என்பதால் பிரித்தே ஆக வேண்டும். என் பசை என்னையே மாட்டிவிட்டது.

மார்ச் 22

அண்ணன் மகளின் பள்ளிக்கூடப் பையில் ஒரு வெள்ளைப் பசை பாட்டில் இருக்கிறது. ஏன் இதை எழுதுகிறேன்?

மார்ச் 24, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இப்படி நடக்கவே இல்லை என்று நாளைக்கு நானே நம்பிவிடுவேன்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு அண்ணனைக் கைப்பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு அண்ணி போய்விடுவாள். திரும்பப் பகல் ஒரு மணியாகிவிடும். மகள் பள்ளிக்கூடம். வீட்டில் நான் மட்டும்.

ஒற்றுத்தாளை நனைத்துப் பிழிந்து எல்லாப் படிகளின் மேலும் ஒன்றாகப் போட்டேன். கால் மணி ஆனதும் காகிதம் மடிக்கிற எலும்புத் தகட்டை ஓரத்தில் நுழைத்தால் போதும், தானாக எழுந்து வந்தன. முப்பத்தொரு துண்டு, ஒன்றுகூடக் கிழியவில்லை. அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது— அற்பப் பெருமை.

கடைசித் துண்டும் வந்ததும் படம் முழுசாகக் கிடந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்க்கிறேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். நல்ல படம். கறுப்பு ஏறவெல்லாம் இல்லை. அன்றைக்கு அவனுக்குக் கண் சரியில்லை, அல்லது மனசு சரியில்லை. கைபேசியை எடுத்து ஒரு படம் எடுக்கப் போனேன். எடுத்தால் அது பிரிந்து வந்ததற்குச் சாட்சி. பையில் போட்டுவிட்டேன். அவ்வளவு யோசிக்கத் தெரிந்திருக்கிறது எனக்கு.

அப்போதும் நிறுத்தியிருக்கலாம். படத்தைத் தூக்கி அண்ணன் மேஜையில் வைத்திருந்தால் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் மறுநாள் அதை அறுபத்து மூன்றாவது படமாக அட்டையில் ஏற்றியிருப்பேன். அப்புறம் அவன் கையைக் கழுவியிருப்பேன். அதற்கு மறுநாளும்.

வெள்ளைப் பசையைத் திறந்தேன். முதலில் படத்தை அட்டையிலிருந்து எழுப்பி, அதன் முதுகு முழுவதும் தடவி அதே அட்டையில் அழுத்தினேன். பிறகு படத்தின் முகத்தில் படிகள், கீழேயிருந்து மேலே. எது எங்கே என்று கண்ணைக் கட்டினாலும் வைப்பேன். முதல் படியை வைத்தபோது, 'தண்ணி தொட்டா வந்துடும், இப்பவும் எடுத்துடலாம்' என்று வாய்விட்டே சொன்னேன். எடுக்கலடி. எடுக்கவே இல்ல. முப்பத்தொண்ணும் வெச்சேன்.

மேலே கண்ணாடியும் அகராதிகளும் ஏற்றிவைத்தேன். பாட்டிலைப் பையில் பழையபடி வைத்தேன். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்து உரித்துக் குப்பையில் போட்டேன்.

ஒன்றேகாலுக்கு வந்தார்கள். அண்ணன் என் அறை வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி மூக்கை உறிஞ்சினான். "புளிப்பு... வாடை."

"இவ எதையாவது கொட்டியிருப்பா" என்றாள் அண்ணி.

முப்பது வருஷம் இருட்டறைத் திராவகங்களில் ஊறிய மூக்கு அது. என்னையே பார்த்தான். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 25

இன்று ஊட்டும்போது சிந்தியது நான்தான். அண்ணன் சட்டையிலெல்லாம் கஞ்சி. வேறு சட்டை மாட்டிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

நிபுணருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அதைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார். மென்மையான மனிதர். ஒரு படியின் மூலையில் ஈரப் பஞ்சை வைத்தார். இருபது நிமிஷம் காத்திருந்தார். மறுபடி வைத்தார். அப்புறம் கண்ணாடியால் ஓரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வரலையேம்மா. இது வெள்ளைப் பசை. இழுத்தா படத்தோட மேல்பூச்சு மொத்தமும் கூட வந்துடும். இதை எடுக்கறதும் படத்தை அழிக்கறதும் ஒண்ணுதான்."

அமைப்பாளர் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணி, "வெள்ளைப் பசையா? இவளா?" என்றாள்.

நிபுணர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து. மறந்தே போனேன்! எந்த அட்டையை முடித்தாலும் முதுகில் தேதி, பசை, பிரிக்கும் விதம் மூன்றையும் எழுதுவேன். இருபது வருஷப் பழக்கம். அழிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

"செல்லுலோஸ் பசை. ஈரத்தில் பிரியும்" என்று அவர் வாய்விட்டுப் படித்தார். முன்பக்கம் பார்த்தார். மறுபடி பின்பக்கம் படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அவ..." என்றான் அண்ணன். எல்லோரும் திரும்பினார்கள். "எல்லாத்துக்கும்... அதையே... எழுதிடுவா. பழக்கம்."

மூச்சு வாங்கினான். உதட்டோரம் எச்சில் வழிந்தது; அண்ணி துடைக்கப் போனாள், கையைத் தள்ளிவிட்டான்.

"பசை... தீந்துபோச்சு... அப்ப. நான்தான்... வெள்ளையைக்... குடுத்தேன்."

இத்தனை சொற்கள் அவன் சேர்ந்தாற்போலப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அத்தனையும் பொய். பூதக்கண்ணாடி தலையாட்டிவிட்டு, 'பிரிக்க இயலாது' என்று தன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 27

கடிதத்தை டப்பாவிலிருந்து எடுத்து, மாவைத் தட்டிவிட்டு அவன் முன்னால் வைத்தேன். இடது கை விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான். அண்ணி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "இது எப்ப வந்துச்சு? அப்ப இவரை யாரு..." என்று ஆரம்பித்தாள்.

"போ" என்றான் என்னிடம்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அவன் மறுபடியும் "போ" என்றான்.

அனுப்புகிறானா, துரத்துகிறானா? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 8

சாயங்காலங்களுக்கு ஒரு நர்ஸ் ஏற்பாடாகிவிட்டது. ஒரு நாள் வேலை. பதினாறு வருஷமாக, இந்த வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே நாளில் முடிந்துவிட்டது. பெட்டியை அண்ணிதான் அடுக்கினாள், நான் அடுக்கியதையெல்லாம் கலைத்துவிட்டு. "நீ போயிட்டா என்கிட்ட யாரு வாங்கிக் கட்டிப்பா?" என்றாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் அவளுக்கு நான் செய்தது தெரியாது.

அண்ணனிடம் சொல்லிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 16

இங்கே என் அறைக்குத் தாழ் இருக்கிறது. முதல் நாள் நாலைந்து தடவை போட்டுத் திறந்து பார்த்தேன்.

'மாடிப்படி'யைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறேன். மேஜை காலியாக இருக்கிறது. எட்டு நாளில் ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. பசையைத் திறந்தால் கை மூடிவிடுகிறது. பூட்டைத் திறந்துகொண்டு வந்தவள் பூட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் போல.

"இதெல்லாம் பிரிச்சு எடுக்க முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "முடியாது" என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணனின் கண்காட்சி நேற்றுத் திறந்தது. அறுபத்திரண்டு படங்கள். நல்ல கூட்டமாம். அண்ணிதான் போனில் சொன்னாள். அப்புறம், "இரு, உன் அண்ணன் ஏதோ கேக்கறாரு" என்று போனை அவன் காதில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவன் மூச்சு காதோரம் கேட்டது.

"பிரிச்சே... இல்ல?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். "பிரிச்சேன் அண்ணா. அப்புறம்தான் வெள்ளையைப் போட்டேன். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

"ம்." மறுபடி மூச்சு. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"முழுசா... பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் படத்தைப் பெரிசாக, முழுசாகப் பார்த்த கடைசி ஆள் நான்தான். இனிமேல் தபால்தலை அளவுக்கு மேல் அவனே பார்க்க வேண்டுமென்றாலும் நான் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.

சொன்னேன். படகு கிளம்பிவிட்டது, கரைக்கும் அதற்கும் நடுவில் பத்தடி தண்ணீர். கணுக்கால் நனைய ஒரு பெண், முதுகு நமக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள், முந்தானை நனைந்திருக்கிறது. படகிலிருக்கிற யாரும் அவளைப் பார்க்கவில்லை, ஒரு குழந்தை மட்டும் திரும்பிப் பார்க்கிறது. கயிறு கம்பத்திலிருந்து தொங்கித் தண்ணீரைத் தொடுகிறது, தொட்ட இடத்தில் இரண்டு வட்டம். அக்கரை தெரியவில்லை, பனி.

"வலப் பக்கம் ரெண்டு சைக்கிள் சாத்தியிருக்கு. நடுவுல நாய் படுத்திருக்கு."

"நாயா?"

"ஆமா. ஒரு காதை மட்டும் தூக்கிட்டு."

"நான்... பாக்கலையே!" என்றான். "இத்தன வருஷம்... பாக்கவே... இல்லையே!" அவன் சிரிக்கிறான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே இரண்டு வருஷமாகிறது.

சிரிப்பு அடங்கியது. அடுப்படியில் அண்ணி ஏதோ பாத்திரத்தை வைக்கிற ஓசை போனில் கேட்டது.

"இன்னொரு தடவ... சொல்லு" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.